மை நிரப்பிய பின்னும் ‘மை இல்லை’ என்கிறதே!

கேள்வி: வீட்டிலுள்ள இங்க்ஜெட் பிரிண்டரின் கறுப்பு கார்ட்ரிட்ஜைக் கடையில் கொடுத்து மை நிரப்பி வாங்கி வந்தேன். பொருத்திச் சில பக்கங்கள் அச்சிட்டதும் இ13 என்றும், பின்னர் இ16 என்றும் காட்டி நின்றுவிட்டது. மை நிறைய இருப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். யாரை நம்புவது?
– வாசகி, தென்காசி

பதில்: கடைக்காரரையே நம்பலாம். இ13, இ16 ஆகியவை கேனன் பிரிண்டர்களில் வரும் குறியீடுகள். மை தீர்ந்திருக்கலாம் என்பது முதலாவதன் பொருள், தீர்ந்துவிட்டது என்பது இரண்டாவதன் பொருள். ஆனால், பிஜி-745 போன்ற கார்ட்ரிட்ஜ்களுக்குள் எவ்வளவு மை இருக்கிறது என்பதைப் பிரிண்டர் பார்ப்பதில்லை. ஓடிய கிலோமீட்டரைக் கொண்டு பெட்ரோல் இருப்பை ஊகிப்பது போல, இதுவரை தெளித்த துளிகளை எண்ணித்தான் அது கணக்கு வைத்துக்கொள்கிறது. கடையில் ஊசியால் மை ஏற்றியது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

ஸ்டாப் பொத்தானைக் குறைந்தது ஐந்து விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அந்த கார்ட்ரிட்ஜுக்கான மை கண்காணிப்பு நின்று, அச்சு தொடரும். அதன் பிறகு மை உண்மையாகவே தீர்ந்தாலும் எச்சரிக்கை வராது என்பதால், எழுத்து மங்கத் தொடங்கிய உடனே நிறுத்திவிடுங்கள். இவ்வகை கார்ட்ரிட்ஜ்களில் நுண்ணிய சூடேற்றிகள்தான் மையைத் துளியாக வெளியே தள்ளுகின்றன. அவற்றின் சூட்டைத் தணிப்பதும் அந்த மையே. வறண்ட நிலையில் ஓட்டினால் அவை கருகிவிடும், பிறகு எத்தனை முறை மை நிரப்பினாலும் பயனில்லை. ரீஃபில் சரியில்லை என்று பழிக்கப்படும் கார்ட்ரிட்ஜ்களில் பல, நிரப்புவதற்கு முன்பே இப்படிக் கருகியவைதாம் என்பது என் எண்ணம்.

கேள்வி: மை நிரப்பிப் பொருத்தியது முதல், கார்ட்ரிட்ஜை அடையாளம் காண முடியவில்லை என்றே பிரிண்டர் சொல்கிறது. கழற்றி மாட்டினாலும் மாற்றமில்லை. கறுப்பில் கோளாறா, வண்ணத்தில் கோளாறா என்றும் தெரியவில்லை.
– வாசகர், கும்பகோணம்

பதில்: இது மைக்கணக்கு அல்ல, மின்தொடர்புச் சிக்கல். கார்ட்ரிட்ஜின் பின்பக்கத்தில் சிறுசிறு செப்புப் புள்ளிகள் வரிசையாக இருப்பதைப் பாருங்கள். அளவுக்கு மீறி நிரப்பினால் நாசில் (மை வெளிவரும் நுண்துளைகள்) வழியே கசியும் மை அவற்றின் மேல் படிந்து காய்ந்து, இரண்டு புள்ளிகளை இணைத்துவிடுவதும் உண்டு. நாசிலை மூடி ஒட்டிய டேப்பின் பசை அங்கே தங்கிவிட்டாலும் இதே செய்திதான் வரும்.

பிரிண்டரின் மின்இணைப்பைத் துண்டித்து கார்ட்ரிட்ஜை எடுத்து, இழை உதிராத துணியின் நுனியை டிஸ்டில்டு வாட்டரில் (இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அதுவே போதும்) நனைத்துப் பிழிந்து, செப்புப் புள்ளிகளை மட்டும் துடையுங்கள். நாசில் தகட்டைத் தேய்க்க வேண்டாம். கார்ட்ரிட்ஜ் உட்காரும் இடத்திலுள்ள எதிர்முனைகளையும் அவ்வாறே துடைத்து, பத்து நிமிடம் உலரவிட்டுப் பொருத்துங்கள். மேல்பக்கத்துக் காற்றுத்துளைகளை ஸ்டிக்கரால் முழுதாக அடைத்திருந்தால் அதையும் விலக்குங்கள். செய்திக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் காற்று நுழையாவிட்டால் மை இறங்காது.

எது பழுது என்பதை அறிய, எச்பி டெஸ்க்ஜெட் வகைகளில் எளிய வழி இருக்கிறது: அவை ஒரே கார்ட்ரிட்ஜுடனும் இயங்கும் என்பதால், ஒன்றை வெளியே எடுத்துப் பாருங்கள். செய்தி மறைந்தால் பழுதானது நீங்கள் எடுத்ததே. சோதனை முடிந்ததும் அரை மணி நேரத்துக்குள் திரும்பப் பொருத்திவிடுங்கள், இல்லையேல் நாசில் காய்ந்துவிடும்.

கேள்வி: பிரிண்டரின் மென்பொருளைப் புதுப்பித்தால் ரீஃபில் கார்ட்ரிட்ஜ்கள் ஏற்கப்படாமல் போகுமா?
– வாசகர், மதுரை

பதில்: 2016 செப்டம்பரில் எச்பி ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் சில, அவற்றின் மென்பொருள் காரணமாக, பிற நிறுவனச் சிப் கொண்ட கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென மறுத்தது பெரிய சர்ச்சையானது. எச்பியின் சிப்பே இருக்கும் ரீஃபில் கார்ட்ரிட்ஜ்களை அந்தத் தடை பாதிப்பதில்லை. ‘பயன்படுத்தப்பட்டது அல்லது போலி’ என்ற செய்தி மட்டும் வந்தால் ஓகே அழுத்தித் தொடரலாம். வேறொன்றில் கவனம் தேவை: ‘கார்ட்ரிட்ஜ் புரொடெக்‌ஷன்’ அமைப்பு இயங்கும் பிரிண்டரில் ஒருமுறை பொருத்திய கார்ட்ரிட்ஜ் அதற்கே பூட்டப்பட்டுவிடும், வேறு பிரிண்டரில் ஓடாது. எனவே கடையில் ஏற்கெனவே நிரப்பி வைத்திருப்பதை மாற்றாக வாங்காமல், உங்களுடையதையே கொடுத்து நிரப்பி வாங்குங்கள்.