'சுதந்திரத்துக்காக ஸ்தோத்திரம்': அதற்கு மேல் வார்த்தை வரவில்லையே?

கேள்வி: விரும்பிய சபைக்குப் போகிறேன், வேதம் வாசிக்கிறேன், தடுப்பார் இல்லை. ஆனால் இதற்காக ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரே வரியோடு நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: 'சுதந்திரம்' என்ற பொதுச்சொல்தான் தடை. அதை உடைத்துச் சொல்லுங்கள். இன்று பயமில்லாமல் செய்த 3 காரியங்களை இரவில் எழுதுங்கள்: யாரோடு கூடி ஜெபித்தீர்கள், எதை வாசித்தீர்கள், எந்தக் கருத்தை வெளிப்படையாகச் சொன்னீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நன்றி கூறுங்கள். 5 நிமிடம் போதும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'அவர்களைப்போல் நாங்கள் அடிமைப்பட்டிருக்கவில்லை' என்று ஒப்பிட்டு நன்றி சொல்வது லூக்கா 18:11-இல், தன்னை நீதிமானாக எண்ணிய பரிசேயன் (யூத மதப் பிரிவினன்) செய்த ஜெபம். ஒப்பீடு மனதில் எழுந்தால், அங்கேயே எபிரெயர் 13:3-க்குத் திரும்பி, விசுவாசத்துக்காகச் சிறையில் இருப்பவர்களோடு நாமும் கட்டப்பட்டவர்கள்போல அவர்களுக்காக ஜெபியுங்கள். 1 தீமோத்தேயு 2:1-2 சொல்கிறபடி அதிகாரத்தில் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்து தரும் விடுதலையும் சட்டம் தரும் உரிமையும் ஒன்றல்ல. பிலிப்பி சிறையில் பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடினார்கள். கிறிஸ்து தரும் விடுதலை அங்கேயும் இருந்தது. அதனால் சட்டம் தரும் உரிமையைக் கோருவது விசுவாசக்குறைவு என்று நினைக்க வேண்டாம். எருசலேமில் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, தான் ரோமக் குடிமகன் என்று அதே பவுல் எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 22:25). சுதந்திரத்தைக் கொண்டு அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யச் சொல்லும் கலாத்தியர் 5:13-ஐ வைத்து வாரம் ஒருமுறை கேட்டுப்பாருங்கள்: இந்த உரிமையால் யாருக்கு ஊழியம் செய்தேன்?