போர்வீரரின் பதக்கம் கைக்கு வந்தால் அவர் குடும்பத்திடம் எப்படிச் சேர்ப்பது?

கேள்வி இது: பழைய நாணயங்களோடு கலந்து முதல் உலகப் போர்க் காலத்துப் பதக்கம் ஒன்று கிடைத்திருக்கிறது, அந்த வீரரின் குடும்பத்தைத் தேடிப்பிடித்துக் கொடுக்க முடியுமா?

முடியும். நூறு வருடம் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். எங்கள் குடும்பத்தில் காலமான ஒருவரின் சேகரிப்பிலிருந்து இப்படி ஒரு பதக்கம் என்னிடம் வந்தது. அதை உரியவர்களிடம் சேர்த்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில், அதைத் துலக்கிப் பளபளப்பாக்காதீர்கள். பிரிட்டிஷ் அரசு முதல் உலகப் போருக்காகக் கொடுத்த வட்டப் பதக்கங்களில், விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் இருக்கும். நட்சத்திர வடிவம் என்றால் பின்பக்கம் பாருங்கள். கையில் இருக்கும் ஒரே துப்பு அதுதான். தேய்க்கத் தேய்க்க அதுவும் மங்கிவிடும். லென்ஸ் வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து விழவைத்துப் படியுங்கள். பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள், எண்ணும் படைப்பிரிவும் சேர்ந்தால்தான் ஆள் தெரியும்.

அப்புறம் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தளத்தில் தேடுங்கள். இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டனுக்காகவும் இந்தியா உட்பட அதன் பேரரசு நாடுகளுக்காகவும் போரிட்டு இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவுகள் அங்கே இருக்கின்றன, இலவசமாகவே பார்க்கலாம். பல பதிவுகளில் இன்னாரின் மகன், இன்ன ஊர் என்று ஒரு வரி இருக்கும். இந்தியப் படையில் இருந்தவர்கள் பலருக்குத் தகப்பனார் பெயர், கிராமம், மாவட்டம் வரை கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வழி திறந்ததே அந்த ஒரு வரியில்தான். அந்த ஊரின் வரலாற்றுக் குழு ஒன்றுக்கு எழுதினேன். அவர்கள் அந்தக் குடும்பத்தை அறிந்தவர்களிடம் விசாரித்தார்கள்.

வீரர் போரில் தப்பி ஊர் திரும்பியவர் என்றால் தேடல் நீளும். 1940-இல் லண்டன் மீது விழுந்த குண்டுவீச்சில் முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வீரர்களுடைய பணிக்கோப்புகளில் பாதிக்கும் மேல் எரிந்துபோயின. கோப்பு கிடைக்கவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். பதக்கம் வழங்கியதைக் குறிக்கும் அட்டைகள் தனியாகத் தப்பியிருக்கின்றன. படைப்பிரிவின் அருங்காட்சியகத்துக்கும் எழுதிக் கேட்கலாம்.

வேறு நாட்டுப் பொருள் என்றால் வழியும் வேறு. வீரர்கள் கழுத்தில் அணியும் அடையாளத் தகடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில், 1943-இன் நடுப்பகுதி வரை அச்சான அமெரிக்கத் தரைப்படைத் தகடுகளில் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியுமே இருந்தன. வியட்நாமில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற தகடுகளில் பெரும்பாலானவை போலி என்பதால் அவற்றில் கவனம் தேவை. இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் தகட்டில் வீரரின் பெயரே இருக்காது, பிரிவும் எண்ணும்தான். அந்த எண்ணை வைத்துப் பெயரைக் கண்டுபிடிக்க ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தைத்தான் நாட வேண்டும். வீரர் இறந்தால் அந்தத் தகட்டைப் பாதியாக உடைத்து, மரணத்தைப் பதிவு செய்ய ஒரு பாதியை எடுத்துச் செல்வார்கள். ஆகவே முழுத் தகடு மண்ணுக்குள் எலும்புகளோடு கிடைத்தால், அந்த மனிதர் இன்னும் காணாமற்போனவர் பட்டியலிலேயே இருக்கக்கூடும். தயவுசெய்து அதைப் பிரித்து எடுக்காதீர்கள். எதையும் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள். தகடு இடம் மாறினால் அந்த எலும்புகளுக்குப் பெயர் இல்லாமலே போய்விடும்.

சரி, குடும்பம் கிடைத்துவிட்டது. இனிமேல்தான் நிதானம் வேண்டும். பொருளைத் திடீரென்று தபாலில் அனுப்பாதீர்கள், உறவினர்களின் பெயரைச் சமூக ஊடகங்களில் போட்டுத் தேடவும் வேண்டாம். இப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது, உங்களுக்கு வேண்டுமா, பணம் எதுவும் எதிர்பார்க்கவில்லை என்று முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். முடிவு அவர்களுடையது. வீட்டில் பேசவே கூடாத பேச்சாக அந்த மரணம் இருந்திருக்கலாம். நான் தொடர்புகொண்டது அந்த வீரருடைய தம்பியின் பேத்தி. உடனே சரி என்று சொல்லவில்லை, அத்தையிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்றார். அந்த அத்தை முதலில் கேட்டது பதக்கத்தைப் பற்றி அல்ல. "அது எப்படி உங்கள் கைக்கு வந்தது?" என்றுதான் கேட்டார்.

எல்லாக் குடும்பங்களும் கேட்கிற கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். 1944-இல் பசிபிக் பெருங்கடலின் சைபான் தீவில் நடந்த போரில் ஓர் அமெரிக்க மரைன் வீரர், இறந்து கிடந்த ஜப்பானிய வீரர் ஒருவரின் கொடியை எடுத்துவந்தார். போருக்குப் போகிறவருக்கு ஊராரும் நண்பர்களும் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கொடி அது. அவற்றைத் திருப்பிச் சேர்ப்பதற்கென்றே அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஓபான் சொசைட்டி என்ற அமைப்பு இருக்கிறது. அதன் உதவியோடு 2017 ஆகஸ்டில், 93 வயதில், அவரே ஜப்பானுக்குப் போய் அந்த வீரரின் தம்பியிடம் கொடியைக் கொடுத்தார். அந்தக் குடும்பத்துக்கு அரசிடமிருந்து முன்பு வந்தது சில கற்கள் இருந்த ஒரு மரப்பெட்டி மட்டும். உடல் சிதையாமல், தூங்குவதுபோலக் கிடந்தார் என்று அவர் நேரில் சொன்ன தகவல், 73 வருடம் கழித்து அவர்களுக்குக் கிடைத்தது.

அதனால் பொருளோடு ஒரு தாளும் வையுங்கள். யாரிடமிருந்து வந்தது, எதோடு சேர்ந்திருந்தது, நீங்கள் தேடிக் கண்ட பதிவுகள் என்னென்ன, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஊகத்தை ஊகம் என்றே குறிப்பிடுங்கள். ஆறுதலுக்காகக்கூட ஒரு வீரக்கதையைச் சேர்க்க வேண்டாம். பழைய நாடா, கடிதத்துண்டு, உறை என்று கூட இருந்தது எதையும் தூக்கி எறியாதீர்கள். காப்பீடு செய்த தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்க முடிந்தால் அது இன்னும் நல்லது. வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் வற்புறுத்தாதீர்கள். படைப்பிரிவின் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று அவர்களிடமே கேட்டுக்கொண்டு, அந்தத் தாளையும் சேர்த்தே அங்கே ஒப்படையுங்கள்.