மைசூருக்கு இரண்டு நாள்: அம்மாவுக்கு லோயர் பெர்த் கிடைக்குமா?

கேள்வி: சென்னையிலிருந்து வெள்ளி இரவு ரயிலில் கிளம்பி, சனி, ஞாயிறு மைசூரைப் பார்த்துவிட்டுத் திங்கள் காலை வீடு திரும்ப நினைக்கிறோம். நான், மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, மேலே ஏற முடியாது. தெரிந்த ஏஜென்ட் ஒருவர், “வெயிட்டிங் லிஸ்ட்தான், ஆனால் கன்ஃபர்ம் ஆகிவிடும். லோயரும் வாங்கித் தருகிறேன்” என்று டிக்கெட்டுக்கு 300 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். லோயர் பெர்த் “வாங்கித் தரும்” சக்தி எந்த ஏஜென்ட்டுக்கும் கிடையாது. பெர்த்தை ஒதுக்குவது ரயில்வேயின் கணினி. வெயிட்டிங் லிஸ்ட் இ-டிக்கெட், சார்ட் (யாருக்கு எந்த பெர்த் என்ற இறுதிப் பட்டியல்) போட்ட பிறகும் அப்படியே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். டிக்கெட் பணம் திரும்பி வரும், அவருக்குக் கொடுத்த 300 வராது.

அவர் அனுப்பும் டிக்கெட்டின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். தனிப்பட்ட முன்பதிவு ஐடியில் எடுத்தது, இதை விற்பதும் வாங்குவதும் 1989 ரயில்வே சட்டத்தின் 143-வது பிரிவின்படி குற்றம் என்று இருந்தால், அவர் அனுமதி பெற்ற ஏஜென்ட்டாக அதை எடுக்கவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட டிக்கெட்டை அதிகாரிகள் முடக்கினால், குழந்தைகளோடு பிளாட்பாரத்தில் நிற்பது நீங்கள்தான். தட்கலிலும் அவரை நம்ப வேண்டாம். 2025 ஜூலையிலிருந்து, தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் அனுமதி பெற்ற ஏஜென்ட்கூட எடுக்க முடியாது. ஆதாரோடு இணைத்த உங்கள் சொந்த ஐடியில் நீங்களே முயன்றால்தான் வாய்ப்பு.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் தவறும் இடம் இதுதான். குடும்பம் மொத்தத்தையும் ஒரே டிக்கெட்டில் போடுகிறீர்கள். 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் லோயர் பெர்த்துக்கென்றே தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அந்த டிக்கெட்டில் அவர் ஒருவர் மட்டும் இருக்க வேண்டும், அல்லது அதே தகுதியுள்ள இரண்டு பேர் இருக்கலாம். துணைக்கு என்று உங்கள் பெயரைச் சேர்த்தாலே அந்தச் சலுகை போய்விடும். உங்கள் அப்பாவும் வருவதாக இருந்தால் அவர்கள் இருவரையும் ஒரே டிக்கெட்டில் போடலாம். மூன்றாவதாக ஒரு பெரியவர் சேர்ந்தால் அதுவும் நடக்காது. ஆகவே அம்மாவுக்குத் தனி டிக்கெட், கோட்டா என்ற இடத்தில் லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன். உங்கள் மூன்று பேருக்கு இன்னொரு டிக்கெட், பொதுக் கோட்டாவில்.

“அம்மா வேறு பெட்டியில் தனியாக மாட்டிக்கொண்டால்?” என்று பயப்படுவீர்கள். வேறு பெட்டி விழலாம்தான். பரவாயில்லை. அவர் பெர்த்தை மட்டும் மாற்றாதீர்கள். உங்களில் ஒருவர் அந்தப் பெட்டிக்குப் போய், அருகில் இருப்பவரிடம் இடம் மாற்றிக் கேளுங்கள். பாட்டி என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். வயதைக் காட்டும் அசல் அடையாள அட்டை அம்மா கையில் இருக்கட்டும்.

இந்த ஒதுக்கீடு ஏசி மூன்றடுக்கில் ஒரு பெட்டிக்கு நாலைந்து பெர்த்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும். முடிந்தால் ஏசி இரண்டடுக்கு எடுங்கள், நடு பெர்த் இல்லாததால் அம்மா இரவில் எழுந்து நிமிர்ந்து உட்கார முடியும். முன்பதிவு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். ஞாயிறு இரவு திரும்பும் காவேரி எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை முதலில் எடுங்கள், போவதற்கு வேறு வழி உண்டு. மகளுக்குப் பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். மகனுக்கு டிக்கெட் வேண்டாம்.

58 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு முன்பு பாதிக் கட்டணம்தான். 2020 மார்ச்சில் நிறுத்தியதை இன்னும் திரும்பக் கொடுக்கவில்லை. பெரியவர்களிடம் முழுப் பணம் வாங்கும் ரயில்வே, இந்த லோயர் பெர்த் விதியையாவது புக்கிங் திரையில் கண்ணில் படும்படி எழுதலாம் இல்லையா? அது தெரியாததால்தானே ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள்!

மைசூரில் இறங்கியதும் இன்னொரு கூட்டம் காத்திருக்கும். அரண்மனை வாசலில் ஆட்டோக்காரர், “இப்போ லஞ்ச் டைம், மூடியிருக்கு. அதுவரை அகர்பத்தி செய்யறதைக் காட்டறேன்” என்பார். நானே ஏறிப் போயிருக்கிறேன். கடைக்காரர் மணிக்கட்டில் எண்ணெயைத் தேய்த்து, அசல் சந்தனம், முகர்ந்து பாருங்கள் என்று ஒரு மணி நேரம் விடவில்லை. வெளியே ஆட்டோக்காரர் கமிஷனுக்காக நின்றிருந்தார். அரண்மனைக்கு மதிய இடைவேளையே கிடையாது, காலை 10 முதல் மாலை 5.30 வரை தொடர்ந்து திறந்திருக்கும். பட்டு வேண்டுமென்றால் கர்நாடக அரசின் கேஎஸ்ஐசி கடைக்கு நீங்களே போங்கள். டிரைவர் காட்டும் “ஃபேக்டரி”க்குப் போக வேண்டாம்.

சனிக்கிழமை காலை 10 மணிக்கே அரண்மனைக்குள் போய்விடுங்கள். செருப்பை வெளியே விட வேண்டும், வெயில் ஏறினால் தரை சுடும். மிருகக்காட்சி சாலையில் பேட்டரி கார் உண்டு, அம்மாவை அதில் ஏற்றுங்கள். சாமுண்டி மலைக்கு ஆயிரம் படி ஏற வேண்டியதில்லை, டவுன் பஸ் மேலே வரை போகிறது. பிருந்தாவனப் பூங்காவை இந்த முறை விட்டுவிடுங்கள்.

ஞாயிறு இரவு 7 மணிக்கு அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் ஒன்றாக எரியும். ரயில் 8 மணிக்கு மேல்தான், ஸ்டேஷன் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். ஆனால் விளக்கு பார்த்த கூட்டம் முழுதும் ஒரே நேரத்தில் ஆட்டோ தேடும். பெட்டிகளை மதியமே பூட்டி ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிட்டு, விளக்கு எரிந்த கால் மணி நேரத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.