தலையணை உறையில் கிடைத்த மாத்திரைகள்

கேள்வி: அக்காவின் மகனை நான்தான் வளர்க்கிறேன். பிறப்பிலேயே எச்.ஐ.வி. தொற்று உள்ள அவனுக்கு இப்போது ஏழு வயது. மூன்று வயதிலிருந்து, அந்த வைரஸை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து கொடுக்கிறேன். தொடக்கத்தில் 720 இருந்த சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை), இப்போது 690. சதவீதம் என்ற கட்டத்தில் அப்போது 14, இப்போது 29 என்று இருக்கிறது. நான்கு மாதங்களுக்கு முன் எடுத்த பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தது. போன வாரம் துவைப்பதற்காகத் தலையணை உறையைக் கழற்றியபோது, உள்ளே மூன்று மாத்திரைகள் பாதி கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. மருந்து பலிக்கவில்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மருந்து நன்றாகவே பலித்திருக்கிறது. சிறு குழந்தைகளின் ரத்தத்தில் லிம்போசைட் எனும் வெள்ளையணுக்கள் (சிடி4 இவற்றில் ஒரு வகை) இயல்பாகவே மிகுதியாக இருந்து, வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வருவதால், ஐந்து வயதுக்கு முன் எடுத்த சிடி4 எண்ணிக்கையை ஏழு வயதின் எண்ணிக்கையோடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. உங்கள் கேள்விக்கு விடை, லிம்போசைட்டுகளில் சிடி4-இன் பங்கு எவ்வளவு என்று காட்டும் சதவீதத்தில் இருக்கிறது. மூன்று வயதில் 15-க்குக் கீழ் என்பது தீவிர எதிர்ப்பாற்றல் குறைபாடு. அங்கிருந்து 29-க்கு வந்திருப்பது நல்ல மீட்சி. புதிய அணுக்களைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பி குழந்தைகளிடம் சுறுசுறுப்பாக இயங்குவதால், இந்த மீட்சி பெரியவர்களைவிட அவர்களுக்குக் கூடுதலாகவே வாய்க்கிறது.

என்னை உறுத்துவது அந்தத் தலையணை உறைதான். மருந்து தவறும்போது முதலில் ஏறுவது வைரஸ் அளவு. சிடி4 பிறகுதான் மெல்ல இறங்கும். ஆகவே நான்கு மாதப் பழைய முடிவை நம்பியிராமல், வைரஸ் அளவை இப்போதே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அது ஏறியிருந்தாலும் உடனே மருந்தை மாற்ற வேண்டும் என்பதில்லை. சில மாதங்கள் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, திரும்பவும் சோதித்துப் பார்த்து முடிவெடுப்பதே வழக்கம். பிள்ளையின் எடை கூடும்போது மருந்தின் அளவும் கூட வேண்டும் என்பதால், கடைசியாக எப்போது எடை பார்த்து அளவைத் திருத்தினார்கள் என்றும் கேளுங்கள்.

திட்டாதீர்கள், திட்டினால் ஒளிக்கும் இடம் மாறுமே தவிர, பழக்கம் மாறாது. கசப்பா, விழுங்க முடியவில்லையா, “எனக்கு மட்டும் ஏன்” என்ற கேள்வியா என்று பொறுமையாகக் கேளுங்கள். முதல் இரண்டுக்கும் மருத்துவரிடம் வழி உண்டு. டோலுடெக்ராவிர் போன்ற மருந்துகள், நீரில் கரைத்துக் குடிக்கும் குழந்தைகள் மாத்திரையாகவே கிடைக்கின்றன. மூன்றாவதுதான் கடினம். நோயின் பெயரைச் சொல்லாமலே, உடம்பில் ஒரு கிருமி தூங்குகிறது, மாத்திரை அதை எழவிடாமல் வைத்திருக்கிறது என்ற அளவில் தொடங்கலாம். மற்றதை ஆலோசகரின் துணையோடு சிறிது சிறிதாகச் சொல்லலாம். சளி மாத்திரை என்று பொய் சொல்லியிருந்தால், சளி இல்லாத நாளில் அவன் அதை ஒளிப்பது நியாயம்தானே?

ஒரு வேளை தவறியதற்காக அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். உறையில் கிடைத்த மூன்றையும் மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். வேளை தவறியது தெரியாமல் அவர் மருந்தையே மாற்றிவிட்டால், நன்றாகப் பலித்துவந்த ஒன்றை வீணாக இழக்க நேரும்.