எஃப்டி8-க்குக் கணினிக் கடிகாரம்: கேள்வி பதில்

எஃப்டி8 என்பது அமெச்சூர் வானொலியில் கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் முறை. அனுப்புபவர், பெறுபவர் இருவரின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: வாட்டர்ஃபாலில் (சிக்னல்களைப் படமாகக் காட்டும் திரையில்) சிக்னல் பளிச்சென்று தெரிகிறது, ஒன்றுகூட டீகோட் ஆகவில்லை (செய்தியாக மாறவில்லை). ஆன்டெனா கோளாறா?

பதில்: ஆன்டெனாவைத் தொடாதீர்கள், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். எஃப்டி8-இல் ஒரு சுற்று 15 விநாடி, அதில் சிக்னல் ஓடுவது 12.64 விநாடி. இரண்டரை விநாடிக்கு மேல் கடிகாரம் விலகினால் டீகோட் கிடைக்காது. நேரத்தைத் திருத்திய பிறகு மென்பொருளின் டிடி நெடுவரிசையைக் கவனியுங்கள்; ஒவ்வொரு சிக்னலும் உங்கள் கடிகாரத்திலிருந்து எத்தனை விநாடி விலகி வருகிறது என்று அது காட்டும். எல்லோருக்கும் +1.2 என்று வந்தால் உங்கள் கடிகாரம் அவ்வளவு முந்துகிறது. மைனஸ் என்றால் பிந்துகிறது. ஒருவருக்கு மட்டும் அப்படி வந்தால் தவறு அவர் பக்கம்.

கேள்வி: விண்டோஸே நேரத்தைத் திருத்துகிறதே, போதாதா?

பதில்: நம்பாதீர்கள், ஒரு திருத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கடிகாரம் விலகும். குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 விநாடி போய்விடும். இணையம் வழியே நேரத்தைத் திருத்தும் மென்பொருளான மெயின்பெர்க் என்டிபி போடுங்கள், லினக்ஸில் க்ரோனி. போட்டதும் விண்டோஸின் நேரச் சேவையை நிறுத்துங்கள். ஒரு கடிகாரத்தை இரண்டு மென்பொருள் திருத்தக் கூடாது.

கேள்வி: இரண்டு மென்பொருள் இருந்தால் கூடுதல் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. ஒன்று தள்ளும், மற்றது இழுக்கும். ஒன்றே ஒன்று.

கேள்வி: இணையமில்லாத இடத்தில்?

பதில்: யுஎஸ்பி ஜிபிஎஸ் போதும். ஆனால் ஜிபிஎஸ் நேரம் யுடிசியைவிட (உலகப் பொது நேரத்தைவிட) 18 விநாடி முன்னால் ஓடுகிறது. அந்த வித்தியாசம் செயற்கைக்கோள் செய்தியில் வரும். முழுச் செய்தி வர 12.5 நிமிடம் ஆகும். வெகுநாள் அணைந்திருந்த ரிசீவர் அதற்குள் தவறான நேரம் காட்டலாம். பொறுத்திருங்கள்.

கேள்வி: பிபிஎஸ் (விநாடிக்கு ஒரு துல்லியத் துடிப்பு) இல்லாத ஜிபிஎஸ் வீண். மைக்ரோ விநாடித் துல்லியம் வேண்டாமா?

பதில்: எஃப்டி8-க்கு வேண்டாம். ஒரு குறியீடு, அதாவது சிக்னலின் ஒரு தொனி, 0.16 விநாடி நீளம். சவுண்ட் கார்டின் தாமதமே பல மில்லி விநாடி.

கேள்வி (மீண்டும் அவரே): தொலைதூர நிலையங்களுக்கு? அலை வந்துசேரும் நேரம்?

பதில்: பூமியின் மறுகோடியிலிருந்து, 20,000 கிலோமீட்டர் கடந்து வர ஏறத்தாழ 67 மில்லி விநாடி. அரைக் குறியீடுகூட இல்லை. அலையின் பயண நேரத்தையே அளக்கப் போகிறீர்கள் என்றால் பிபிஎஸ் அவசியம், அது அருமையான வேலை. டீகோட் செய்ய அரை விநாடிக்குள் இருந்தால் போதும். புதியவர்களைத் தேவையில்லாத செலவில் இறக்காதீர்கள்.

கேள்வி: டீகோட் வரவில்லை, ரேடியோவை மாற்றவா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: ஜிபிஎஸ்ஸும் இல்லையென்றால், மற்றவர்களின் டிடியைப் பார்த்து நகர்த்தலாமா?

பதில்: தாராளமாக. பல நிலையங்களின் நடுமதிப்பை எடுங்கள், ஒருவரை மட்டும் பின்பற்றாதீர்கள். எஃப்டி8-இன் வேகமான தம்பியான எஃப்டி4-இல் சுற்று 7.5 விநாடிதான், அங்கே இன்னும் கறாராக இருங்கள்.

கேள்வி: மணி தவறாக இருந்தும் டீகோட் ஆகிறதே?

பதில்: விநாடி சரியாக இருந்தால் ஆகும். ஆனால் லாகில் (தொடர்புப் பதிவேட்டில்) யுடிசி தவறாக ஏறும், எதிராளியின் பதிவோடு பொருந்தாது. நேர மண்டலத்தைச் சரிபாருங்கள்.