அந்தப் பிரவுன் மனையை மகன் ஏன் வாங்கினான்?

கேள்வி: கோடை விடுமுறை தொடங்கியதிலிருந்து என் கணவரும் ஒன்பதாம் வகுப்பு முடித்த மகனும் டிவியில் மோனோபாலி (மனை வாங்கி, வீடு கட்டி, வாடகை வசூலிக்கும் ஆட்டம்) வீடியோ கேம் ஆடுகிறார்கள். தினமும் மகன்தான் ஜெயிக்கிறான். இடத்தை வாங்காமல் ஏலத்துக்கு விடுகிறான், ஹோட்டலே கட்டுவதில்லை, யாரும் சீந்தாத பிரவுன் மனைகளை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிறான். போன ஞாயிறு இவர் போர்டுவாக்கில் (இருப்பதிலேயே விலை உயர்ந்த மனை) வீடு கட்டப் போனால் வங்கியில் வீடே மிச்சமில்லை என்று திரையில் வந்தது. ‘இது போங்கு, கம்ப்யூட்டரும் அவன் பக்கம்’ என்று கத்தி கன்ட்ரோலரைத் தூக்கி எறிந்துவிட்டார். மூன்று நாளாக இருவரும் பேசவில்லை. நான் யார் பக்கம் பேசுவது? உடைந்த கன்ட்ரோலருக்கு யார் பணம் கொடுப்பது?
பெயர் வேண்டாம், கோவை.

பதில்: உங்கள் மகன் அழுகுணி ஆட்டம் ஆடவில்லை. அவன் செய்தது எல்லாமே விதிப்புத்தகத்தில் இருப்பதுதான், நம்மில் பெரும்பாலானோர் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை, அவ்வளவே. அட்டையில் ஆடிய காலத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதுதான் நமக்கு விதி, அவனுக்கு அவன் மாமா பையன் சொல்லியிருப்பான்.

ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மனையில் போய் நிற்பவர் போட்டிருக்கும் விலைக்கு வாங்க மறுத்தால் வங்கி உடனே அதை ஏலம் விட்டாகவேண்டும், மறுத்தவரே மறுபடி ஏலத்தில் கேட்கலாம். உங்கள் கணவர் தொடக்கத்திலேயே கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் கையிலிருக்கும் 1500 டாலரைக் கரைத்துவிடுபவர் என்று நினைக்கிறேன் (நீங்கள் அப்படி எழுதவில்லை, ஆனால் நான் பார்த்த போர்டுவாக் பிரியர்கள் எல்லாருமே அப்படித்தான்). அப்பாவிடம் ரொக்கம் 80 டாலர்தான் இருக்கிறது என்று தெரிந்தால் பையன் எதற்கு 200 டாலர் மனையை 200 கொடுத்து வாங்குவான்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏலத்தில் 81க்கு எடுத்துக்கொள்வான்.

அப்புறம் அந்த வீடு தீர்ந்துபோன கதை. இதைப் படித்ததும் எனக்கு உங்கள் பையன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. வங்கியில் இருப்பது மொத்தம் 32 வீடு, 12 ஹோட்டல், அதற்குமேல் ஒன்றுகூடக் கிடையாது. ஹோட்டல் கட்டினால் அந்த மனையின் நான்கு வீடுகளும் வங்கிக்குத் திரும்பிப் போய்விடும், எதிராளி அவற்றை வாங்கிக் கட்டிக்கொள்வார். அதனால்தான் அவன் ஹோட்டல் கட்டவில்லை. ஒரே நிறத்தில் மூன்று மனை கொண்ட தொகுதி இரண்டு, ஒவ்வொரு மனையிலும் நான்கு வீடு, ஆக 24. மிச்சம் எட்டு. அந்த எட்டையும் எங்கே போட்டு அடைப்பது? இருப்பதிலேயே மலிவான பிரவுன் மனைகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு. மனை 60 டாலர், வீடு 50 டாலர். வாடகைக்காக அவன் பிரவுனை வாங்கவில்லை, அப்பாவின் போர்டுவாக்கில் செங்கல் வைக்கவிடாமல் பூட்டத்தான் வாங்கியிருக்கிறான். மூன்று, நான்கு வீடு கட்டியிருந்தால் 1400, 1700 என்று பிடுங்கக்கூடிய இடம் வெறும் 100 டாலர் வாடகையோடு உட்கார்ந்திருந்தது. கோபம் வரத்தான் செய்யும்.

கம்ப்யூட்டர் பகடையை அவனுக்குச் சாதகமாக உருட்டுகிறது என்பது மட்டும் வீண் பழி. இரண்டு பகடைக்கு 36 விதமான விழுதல், அதில் ஆறு விதத்தில் ஏழு வரும், வேறு எந்த எண்ணும் அத்தனை முறை வராது. உங்கள் கணவருக்குப் பிடித்த நீல ஜோடியில் போர்டுவாக்கோடு சேர்ந்தது பார்க் பிளேஸ். அதிலிருந்து ஏழு கட்டம் பின்னால் எண்ணிப் பாருங்கள், ‘சிறைக்குப் போ’ கட்டம் வரும். அங்கே யாரும் நின்று பகடை உருட்டவே முடியாது, நேராக ஜெயிலுக்குப் போயாகிவிட்டது. அந்த ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு ஆறாவது, எட்டாவது, ஒன்பதாவது கட்டங்களில் காத்திருப்பது ஆரஞ்சு நிறம்: செயின்ட் ஜேம்ஸ் பிளேஸ், டென்னசி அவென்யூ, நியூயார்க் அவென்யூ. ஒரே உருட்டலில் அதில் ஏதாவது ஒன்றில் மாட்டுவதற்கு 36இல் 14 வாய்ப்பு. வீட்டு விலையும் 100 டாலர்தான், போர்டுவாக்கில் அது 200. நியூயார்க்கில் இரண்டு வீடு இருந்தால் 220 வாடகை, மூன்றாவது வைத்ததும் 600. பையனிடம் இருந்த இரண்டு நிறங்களில் ஒன்று ஆரஞ்சாக இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

இன்னொன்று, உங்கள் கணவரின் கோபம் இந்த ஆட்டம் பிறந்த காரணத்தோடு நன்றாகவே பொருந்துகிறது. எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி நிலச்சுவான்தார்கள் எப்படி மற்றவர்களை ஓட்டாண்டி ஆக்குகிறார்கள் என்று காட்டுவதற்காகத்தான் இதன் மூல வடிவத்தை உருவாக்கி 1904இல் காப்புரிமை வாங்கினார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் மோனோபாலியை வெளியிட்டபோது பெயரும் பணமும் சார்லஸ் டாரோ என்பவருக்குப் போயிற்று, மேகியின் காப்புரிமைக்குக் கிடைத்தது 500 டாலர். அமெரிக்கப் பதிப்பின் கட்டங்களில் இருக்கும் தெருப்பெயர்கள் பெரும்பாலும் நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியைச் சேர்ந்தவை. ஆக, தோற்றவர் எரிச்சலாவதற்கென்றே செய்த ஆட்டம், அவர் எரிச்சலானார்.

சரி, அவர் பக்கத்தில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. அவர் வயதுக்காரர்கள் பாம்பே, கல்கத்தா என்று அச்சடித்த பிசினஸ் அட்டையில் ஆடக் கற்றவர்கள். அங்கே ஜெயித்தது வாய்தான். வங்கிக்காரனைச் சிரிக்க வைத்து ஒரு நூறு ரூபாய்த் தாளை அமுக்கலாம், வாடகை கேட்க வேண்டியவன் முறுக்கு தின்றுகொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் பகடையை அடுத்த ஆளிடம் தள்ளிவிடலாம். (சொந்தக்காரர் நேரத்தோடு கேட்கத் தவறினால் வாடகை போச்சு என்பது மோனோபாலியில் உண்மையான விதியேதான்.) சின்னத் தம்பி அழுதால் ‘போனால் போகிறது, அடுத்த சுற்றில் கொடு’ என்று விடவும் செய்யலாம். டிவியில் இந்த வேலை எதுவும் நடக்காது. வாடகை தானாகக் கழிகிறது, வங்கிக்காரனுக்குக் கண் கொட்டுவதே இல்லை. முப்பது வருடமாகச் சேர்த்த கைத்தொழிலைப் பிடுங்கிக்கொண்டு வெறும் கணக்கை மட்டும் மிச்சம் வைத்தால் கணக்கில் கெட்டிக்காரன்தான் ஜெயிப்பான், உங்கள் வீட்டில் அது பையன்.

ஆகவே யார் பக்கமும் பேசவேண்டாம், நீங்களும் ஆட உட்காருங்கள். கடிதம் முழுக்க அவர், அவன் என்றுதான் இருக்கிறது, நீங்கள் எங்கே? அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டா? இரண்டே பேர் ஆடினால் பேரத்துக்கு வழியே இல்லை, உனக்கு லாபம் என்றால் அது எனக்கு நஷ்டம், பிறகு எதற்கு மனையை மாற்றிக்கொள்ள வேண்டும்? மூன்றாவது ஆள் வந்ததும் கதை மாறிவிடும். உங்களிடம் ஒரு நீலமும் அவரிடம் ஒரு ஆரஞ்சும் இருந்தால் இரண்டு பேருமே லாபம் பார்த்து மகனை நெருக்கலாம், மகனும் உங்களிடம் வந்து குழைவான், உங்கள் கணவரின் வாய்க்கும் மறுபடி வேலை கிடைக்கும். ஒருவருக்கு அடிமாட்டு விலைக்கு எதையும் தள்ளிவிடமாட்டேன் என்று மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள், குடும்பங்களில் அடுத்த சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். ஏலம் வேண்டுமா, ஃப்ரீ பார்க்கிங்கில் பணம் சேர்க்கலாமா (அது விதியில் இல்லை, ஆட்டத்தை இழுத்தடிக்கத்தான் உதவும்) என்பதையும் பகடை உருட்டுவதற்கு முன் பேசி முடியுங்கள். பல பதிப்புகளில் இவற்றை மாற்றிக்கொள்ளத் தனியாக ஒரு பகுதி உண்டு.

கன்ட்ரோலருக்கு எறிந்தவர்தான் பணம் கொடுக்கவேண்டும். வாங்கிவருவதற்கு மகனைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், எது பொருந்தும் என்று அவனுக்குத்தான் தெரியும்.