592-உம் மார்க்குதான், 431-உம் மார்க்குதான்

கேள்வி: எம் மக ப்ளஸ் டூல 600-க்கு 592. நீட்ல 431தான் வந்துச்சு, கவர்மெண்ட் சீட்டு கிடைக்கல. பக்கத்து வீட்டுப் பய ப்ளஸ் டூல வெறும் 480, நீட்ல 560 எடுத்து திருநெல்வேலி ஹைகிரவுண்டு மெடிக்கல் காலேஜ்ல சேந்துட்டான். ப்ளஸ் டூ மார்க்கை வச்சு சீட்டு குடுத்த காலத்துலதானே நல்ல டாக்டருங்க வந்தாங்க? இது எந்த ஊரு நியாயம்?
- ஒரு தகப்பன், வீரவநல்லூர்

பதில்: அண்ணாச்சி, உங்க வயித்தெரிச்சல் புரியுது. ஆனா உங்க மக எதுல கூட எடுத்தாளோ அந்தப் பரீட்சைதான் தரம், அடுத்த வீட்டுப் பய கூட எடுத்தது தரமில்லனு சொல்லுதீங்க பாருங்க, அதான் இடிக்குது. அந்தப் பயலோட அய்யாகிட்ட கேளுங்க, அப்படியே திருப்பிப் போட்டுச் சொல்லுவாரு.

அப்புறம், "அந்தக் காலம்"னு எதைச் சொல்லுதீங்க? நம்ம ஹைகிரவுண்டு காலேஜ் 1965-ல ஆரம்பிச்சது. 1984-லேருந்து 2006 வரைக்கும் தமிழ்நாட்டுலயே நுழைவுத்தேர்வு இருந்துச்சு, ப்ளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100-னு சேத்து 300-க்குக் கணக்கு. அப்போ நீங்க கும்பிட்டுட்டு வார 45, 50 வயசு டாக்டருங்கள்ல முக்காவாசிப் பேரு நுழைவுத்தேர்வு எழுதி உள்ள போனவங்கதான். வெறும் ப்ளஸ் டூ மார்க்கு நடந்தது 2007-லேருந்து 2016 வரைக்கும், பத்து வருஷம், அம்புட்டுதான். அந்தப் பத்து வருஷத்துல என்ன நடந்துச்சுனு மறந்துட்டீங்களா? பதினொண்ணாங் கிளாஸ் புத்தகத்தைப் பல ஸ்கூல்ல கண்ணுலயே காட்டல, ரெண்டு வருஷமும் பன்னெண்டாங் கிளாஸ் பாடத்தையே உருப்போட வச்சு ஹாஸ்டல்ல பிள்ளைகளைக் கோழிப்பண்ணை மாதிரி அடைச்சு வச்சாங்க, கட் ஆஃப்ல அரை மார்க்கு குறைஞ்சா வீட்ல எழவு விழுந்த மாதிரி உக்காந்திருந்தாங்க. கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளைங்க அப்பவும் உள்ள போனது ரொம்பச் சொற்பம். உங்க மக 592-ல பிராக்டிகல் மார்க்கும் இன்டர்னலும் எம்புட்டுனு பாருங்க, அது எப்படிப் போடுதாங்கனு நமக்குத் தெரியாதா என்ன.

இதுக்காக நீட்டு ஒசத்தினு நான் சொல்ல வரல. 180 கேள்வி, 720 மார்க்கு. சரின்னா 4, தப்புன்னா கையில இருக்கதுல 1 போகும். அப்போ ஒரு கேள்வியைத் தொடாம விட்டா 716, தப்பா அடிச்சா 715, 720-க்கும் 716-க்கும் நடுவுல எதுவுமே வரமுடியாது. 2024-ல 719, 718-னு மார்க்கு வந்ததும் பிள்ளைங்களே கணக்குப் போட்டு 'இது எப்படி வே'னு கேட்டாங்க, அப்புறந்தான் கிரேஸ் மார்க்கு போட்ட கதை வெளிய வந்துச்சு. விடைத்தாள்ல ஒரு வட்டத்தைப் பேனாவுல மாத்திக் கருப்பாக்கினா ராங்கு ஆயிரக்கணக்குல பின்னால போவுது. அந்த ஒரு வட்டத்துக்கும் நாளைக்கு ராத்திரி ரெண்டு மணிக்குப் பாம்புக்கடியோட வாரவனுக்கு வைத்தியம் பாக்கதுக்கும் என்ன சம்பந்தம்? வரிசையில நிக்கதுக்கு டோக்கன் குடுக்காங்க, ப்ளஸ் டூ மார்க்கும் அதே டோக்கன்தான், கலர்தான் வேற.

நீங்க கோவப்பட வேண்டிய எடம் வேற ஒண்ணு இருக்கு. 2025-ல ஜெனரல் பிரிவுக்கு பாஸ் மார்க்கு எவ்வளவு தெரியுமா? 720-க்கு 144. '50 பெர்சன்டைல்'னு போட்டிருக்கத நாம 50 சதவீதம்னு நினைச்சுக்கிடுதோம், அது எழுதினவங்கள்ல பாதிப் பேரைத் தாண்டினா போதும்கிற கணக்கு, மார்க்குல பாத்தா அஞ்சுல ஒரு பங்கு. 22 லட்சம் பேரு எழுதி 12 லட்சத்துக்கு மேல பாஸ். சீட்டு அதுல பத்துல ஒரு பங்குதான் இருக்கும். உங்க மகளை 431-ல வெளிய நிறுத்திட்டு, வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல கட்டுத வீட்டுப் பிள்ளை அதுல பாதி மார்க்குல நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துல போய் உக்காரலாம், எல்லாம் சட்டப்படி. பக்கத்து வீட்டுப் பய பாவம், 560 எடுத்தவன், அவன் மேல எதுக்கு எரிச்சல்?

2020-ல தமிழ்நாட்டுல மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீதம் கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளைகளுக்குனு ஒதுக்கினாங்க. அதே நீட்டு, அதே கேள்வித்தாள். முத வருஷமே 300 பேருக்கு மேல எம்.பி.பி.எஸ் சேந்தாங்க. வித்தியாசம் ஒண்ணுதான், லட்சம் கட்டி கோச்சிங் போனவனோட நிறுத்தாம கூடப் படிச்சவனோட நிறுத்திப் பாத்தாங்க.

இன்னொரு தடவை எழுதலாமானு நீங்க கேக்கல, கேப்பீங்க. எழுதலாம், வயசு வரம்பு மேல கிடையாது. ஆனா அவளுக்கு டாக்டராகணும்னு இருக்கா? உங்க கடுதாசியில நாலு எடத்துல மார்க்கு எழுதியிருக்கீங்க, அந்தப் பிள்ளை என்ன சொல்லுதானு ஒரு வரி இல்ல. கேட்டுட்டு அடுத்த கடுதாசி போடுங்க.